செவிட்டு இளவரசியும் இரண்டு எருமைகளும்

எழுபதுகளின் கடைசியில் நல்லேப்பிள்ளியில் ஒரு டெலிவிஷன் எழுத்தாளர் இருந்தார். நான்தான் அது. ஊரில் ஒரு டெலிவிஷன் பெட்டி கிடையாது, நான் ஒரு வரி எழுதியதும் கிடையாது. திமிருக்கு மட்டும் குறைச்சல் இல்லை. அந்தத் திமிரில் என் கூடப்பிறந்த அக்காவை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தேன். இத்தனை வருஷம் கழித்து எழுத உட்கார்ந்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. டைப்ரைட்டிங் படிக்கிறேன் என்று மெட்ராஸில் சித்தப்பா வீட்டில் ஆறு மாதம் சோற்றுக்குக் கேடாக இருந்தேன். (பரீட்சையில் கோட்டை விட்டதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.) மாடிப் போர்ஷனில் இருந்தவர் டெலிவிஷனுக்கு நாடகம் எழுதுகிறவர். அவருக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்தே தொழில் ரகசியத்தைக் கறந்துகொண்டேன். யானை, படை, வெள்ளம் எதுவும் கேட்காதே, ஓர் அறையும் நாலு பேரும் ஒரு கதவும் போதும் என்பார். ஆளுக்கு ஓர் ஆசையும் ஒரு பயமும் கொடு என்பார். ஒரு ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக் கூட்டம் நிறைந்திருக்கும்போது போட்டு உடை, உடைத்த கையோடு 'தொடரும்' போட்டு எழுந்து போய்விடு என்பார். அத்தனையும் நோட்டில் ஏறியது.

ஊருக்கு வந்ததும் அந்த வித்தையைக் காட்ட எங்களிடம் ஒரு விளையாட்டு இருந்தது. சரோஜா அக்கா, மாமா பையன் பழனிச்சாமி, நான் மூன்று பேரும் பள்ளிக்கூட நாளில் உண்டாக்கியது. வீட்டு முன்கூடமான ஆசாரத்துத் தரையில் சாக்கட்டியால் கோட்டையும் காடும் ஆறும் வரைவோம். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். "உன் முன்னால் ஆறு. என்ன செய்கிறாய்?" என்று கதை சொல்கிறவர் கேட்பார். "நீந்தறேன்" என்று சொல்லித் தாயக்கட்டையை உருட்ட வேண்டும். நல்ல எண் விழுந்தால் கரை, இல்லாவிட்டால் முதலை வாய். (இதையே இப்போது வெளிநாட்டில் பெட்டியில் போட்டு விற்கிறார்களாம். நாங்கள் அதற்குப் பேர்கூட வைக்கவில்லை.)

கழுதை வயதான பிறகும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆடிக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் ஆட்டத்தில் உப்புச் சப்பு இல்லை. பழனிச்சாமிதான் எப்போதும் ராஜா. காட்டுக்குப் போவான், புலியைக் கொல்வான், எங்கள் அம்மா சோறு போட்டால் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

நான் வந்து புலியை ஒழித்தேன். ராஜாவைக் கோட்டையில் ஓர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். ராஜாவுக்கு இருட்டு என்றால் பயம். கூட இருக்கிற இளவரசிக்குக் காது கேட்காது, ஆனால் எப்படியாவது வெளியே போய்விட ஆசை. அக்காதான் இளவரசி. "புலி இல்லாம என்னடா ஆட்டம்?" என்று பழனிச்சாமி முதலில் முறுக்கிக்கொண்டான். கதையில் யாரோ அந்தக் கதவை மூன்று தடவை தட்டினார்கள், அதோடு 'தொடரும்' என்று சொல்லி எழுந்துவிட்டேன். புதன்கிழமை பழனிச்சாமி என்னைத் தேடி வயலுக்கே வந்துவிட்டான்.

"மணி, கதவத் தட்டுனது ஆருடா? சொல்லித் தொலைடா. மம்பட்டியப் புடிச்சா வேலையே ஓட மாட்டேங்குது."

சொல்வேனா? எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிக்காரரையே மிஞ்சிவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இளவரசிக்கு ஏன் காது கேட்காது? என் அயோக்கியத்தனம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு முந்தின வருஷம் பொள்ளாச்சியில் சின்னம்மா வீட்டில் வைத்து அக்காவைப் பெண் பார்க்க யாரோ வந்தார்கள். தரகர் திடீரென்று கூட்டிவந்த கூட்டம், இவள் பேர் 'பாப்பா' என்பதற்கு மேல் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்ல அந்தக் காலத்தில் வாய் ஏது? அதனால் அவள் காதை மூடிக்கொண்டாள். அவர்கள் ஒன்று கேட்க, இவள் ஒன்று சொல்ல, காப்பி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அது நடிப்பு என்று தெரிந்தவன் நான் ஒருத்தன். "ஆருகிட்டயும் மூச்சு விடாதடா" என்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நான் ஊர் திரும்பிய பிறகு முதலமடையிலிருந்து தங்கவேல் வந்தார். மாந்தோப்புக்காரர். பார்க்க வந்த அன்று தண்ணீர் கேட்கிற சாக்கில் அடுக்களை வாசலுக்கு வந்து, "உங்களுக்குச் சம்மதமாங்க?" என்று அக்காவிடமே கேட்டுவிட்டார். அன்று சாயங்காலம் அவள் என்னிடம், "எனக்கு இவரப் புடிச்சிருக்குடா மணி. இது தப்பிப் போச்சுன்னா எனக்கு வேற வேண்டாம்" என்றாள். அடுத்த புதன்கிழமை உப்புச்சர்க்கரை மாற்றுவதாக முடிவானது. எங்கள் பக்கத்தில் நிச்சயம் என்றால் அதுதான்.

அதற்கு முந்தின ஞாயிறு, வளையலுக்கு அளவெடுக்கத் தங்கவேலின் அம்மா வந்தார். மோட்டார் சைக்கிளில் கூட்டிவந்தவர் தங்கவேல். அப்பா வயலிலிருந்து வரவேண்டும், அம்மா அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். ஆசாரத்தில் எங்கள் கோட்டை அப்படியே கிடந்தது.

"இதென்னங்க விளையாட்டு? நானும் வரலாங்களா?" என்றார் தங்கவேல்.

அவருக்கு வடதேசத்து இளவரசன் வேஷம் கொடுத்தேன். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டு கதவோரம் போய் நின்றாள். அவள் முறை வரும்போது கையை மட்டும் நீட்டித் தாயக்கட்டையை உருட்டினாள். தங்கவேல் பூட்டை உடைத்தார், காவல்காரனை ஏமாற்றினார். அவருடைய அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நோட்டில் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. கூட்டம் நிறைந்திருக்கிறது. உடைக்க இதைவிட நல்ல நேரம் வருமா?

(பொள்ளாச்சியைத் தென்தேசம் என்று மாற்றிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இதுதான் என் புத்திசாலித்தனம்.)

"போன மாசி மாதம் தென்தேசத்திலிருந்து ஒரு ராஜா தன் மகனுக்கு இந்த இளவரசியைப் பெண் கேட்டு வந்தார்" என்று ஆரம்பித்தேன். கதவோரம் அக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம் என்றுதான் ஆட்டினாள். எனக்குக் கண் தெரிந்தால்தானே! "ராஜா கேட்டார், 'அம்மிணி, சமைக்கத் தெரியுமா?' அதற்கு இளவரசி என்ன சொன்னாள் தெரியுமா?"

மூச்சை இழுத்து நிறுத்தினேன்.

"'எருமைங்களா? ரெண்டு இருக்குதுங்க.'"

சொன்னது நான் இல்லை. தங்கவேலின் அம்மா. முந்தானை வாயிலிருந்து இறங்கிவிட்டது.

"இது கோவிந்தாபுரத்துல எங்கண்ணன் ஊட்டுல சொல்ற கதையாச்சே தம்பி! அவிங்க பையனுக்குப் பொள்ளாச்சியில பாத்த செவிட்டுப் புள்ள. பாவம்னு சொல்லி எங்கண்ணன் சம்சாரம் மாரியம்மனுக்கு வெளக்குக்கூடப் போட்டாங்க. உனக்கு எப்படித் தெரியும்?"

கேட்ட அந்த நொடியில் நான் 'சும்மா கேள்விப்பட்டதுங்க' என்று சொல்லியிருக்கலாம். மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். ஆனால் பழனிச்சாமி முழங்காலில் எழுந்து நின்று, "அப்ப இளவரசிக்குக் காது கேக்குமாடா?" என்று கத்தினான். ஐந்து வாரமாக அவன் காத்திருந்த கேள்வி அது. என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"நல்லாக் கேக்கும்! மாப்பிள்ளையப் புடிக்காமப் போட்ட நாடகம் அது! தொடரும்!"

அக்கா கையிலிருந்த தாயக்கட்டை தரையில் விழுந்து உருண்டது. தங்கவேலின் அம்மா அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் அக்காவைப் பார்த்தார். அளவெடுக்கக் கொண்டுவந்த நூலைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். "தங்கவேலு, வண்டிய எடு." அம்மா காப்பித் தட்டோடு வரும்போது ஆசாரத்தில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்.

புதன்கிழமை வந்தது, போனது. வாங்கி வைத்த உப்பும் சர்க்கரையும் அலமாரியில் இருந்தன. அப்பா என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவர் என் பக்கமே திரும்பவில்லை. அக்கா திட்டவும் இல்லை. எனக்குச் சோறு போட்டுவிட்டு, போட்டது யாருக்கு என்றே தெரியாதவள் மாதிரி போய்விடுவாள். சாக்கட்டிக் கோட்டையைத் துடைத்தது அவள்தான். அவள் குனிந்து துடைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்த ஈனத்தனத்துக்கு என்ன பேர் வைப்பது?

ஒன்பதாம் நாள் தங்கவேலின் அம்மா தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கினார். தண்ணீர்கூட வாங்கவில்லை. அக்காவைக் கூப்பிட்டு எதிரில் உட்கார வைத்தார்.

"எங்கண்ணன் பையன்கிட்ட என்ன கொறை கண்டே?"

"கொறை ஒண்ணுமில்லீங்க. எனக்குப் புடிக்கலீங்க. புடிச்சிருக்கான்னு அன்னிக்கு ஆருமே கேக்கலீங்க." அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "உங்க பையன் கேட்டாருங்க."

"அவன் கேட்டது உன் காதுல உழுந்துச்சா?"

"நல்லா உழுந்துச்சுங்க."

 அந்த அம்மா பையிலிருந்து நூலை எடுத்தார். "கையை நீட்டு கண்ணு. எங்கண்ணன் ஊட்டுல நான் சொல்ல மாட்டேன். கல்யாணத்துல உன்ன அடையாளம் தெரிஞ்சாலும், போட்ட வெளக்குலதான் காது கேட்டுதுன்னு இருக்கட்டும்." அளவெடுத்து முடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டே என் பக்கம் கண்ணைக் காட்டினார். "ஆனா இந்தத் தம்பிய மட்டும் கோவிந்தாபுரம் பக்கம் அனுப்பீராதீங்க."

கல்யாணம் நடந்தது. மறுவீட்டுக்கு வந்த அக்காவிடம் தனியாகப் போய், "என்னை மன்னிச்சுக்கோ அக்கா" என்றேன். அவள் என்னை நிதானமாகப் பார்த்து, "எருமையாடா? ரெண்டு இருக்குது" என்றாள். அடுத்த அறையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுவே வழக்கமாகிவிட்டது. கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்து "என்ன விஷயம்?" என்றால், சின்னக் குழந்தைகூட "எருமைங்களா?" என்று கேட்கும். அக்கா முழுகாமல் இருந்தது ஊருக்கே தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

போன வருஷம் அக்காவைக் கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஓடினேன். கட்டிலைச் சுற்றி மச்சான், பிள்ளைகள், பழனிச்சாமி எல்லோரும் இருந்தார்கள். "டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்றேன். மூச்சு வாங்க வாங்க அவள் சொன்னாள், "எருமைங்களா? ரெண்டு இருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பழனிச்சாமி மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வீட்டுக்கு வந்து என் மனைவியிடம், "உனக்காவது ஏதாவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுங்க" என்றாள். "உங்க அக்கா சொல்ல வேண்டாம்னு சொல்லீருக்காங்க."