தீபத்துக்கு முன் குடி மாறுவது குறித்து

திருவண்ணாமலை,
21 அக்டோபர் 1984

மைத்துனன் சிரஞ்சீவி கண்ணாயிரத்துக்கு மாமா அருணகிரி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் உன் அக்காள் ரேணுகாம்பாளும் சுகம். மெட்ராஸில் நீங்கள் அனைவரும் அவ்வாறே இருக்க அண்ணாமலையார் அருள்வாராக.

ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் நீ ஏற்பாடு செய்திருக்கும் வாடகை வீட்டுக்கு இதன் மூலம் என் சம்மதத்தைத் தெரிவிக்கிறேன். கார்த்திகை தீபத்துக்கு முன் குடிபோய்விட வேண்டும் என்பதே என் நிபந்தனை. ஏன் இந்த அவசரம் என்று கேட்டிருந்தாய். நான் நடத்திய ஆங்கிலப் பாடமே காரணம்.

1973இல் ஒன்பதாம் வகுப்புக்குக் கடிதம் எழுதக் கற்பித்தேன். பொருள், தீபத்துக்கு நண்பனை அழைத்தல். கடிதமென்றால் தபாலில் போக வேண்டும் என்பது என் கொள்கை. இக்காலப் பிள்ளைகள் நோட்ஸ் வாங்கி உருப்போடுகிறார்கள், அன்றைய பிள்ளைகளோ நாக்கைக் கடித்துக்கொண்டு, மசி படிந்த விரலோடு, அஞ்சலட்டையில் மெய்யாகவே எழுதினார்கள், வகுப்பு முழுதும் பேனா உரசும் ஓசை மட்டுமே கேட்டது, அப்படியோர் ஓசையைப் பிறகு நான் கேட்கவே இல்லை. கரும்பலகையில் மாதிரி எழுதிப் போட்டேன். வலது மேல்மூலையில் ஏதேனும் முகவரி வேண்டுமே என்று என் வீட்டு முகவரியை எழுதினேன். ‘எங்கள் வீட்டில் தாராளமாக இடமுண்டு, என் தாயார் உங்கள் குடும்பத்தாரைக் காண ஆவலாயிருக்கிறார்’ என்றும் எழுதினேன். கையொப்பம் தவிர ஒரு புள்ளியும் மாறக் கூடாது என்றேன். மாறவில்லை. எல்லா அட்டைகளையும் திருத்திப் பார்த்து, பிழையே இல்லை என்ற பூரிப்பில் நானே தபால் பெட்டியில் போட்டேன்.

தீபத்தன்று காலை கதவைத் திறந்தால் கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி ஜானி பாஷா, மனைவி மக்களோடும் ஒரு மூட்டையோடும் நிற்கிறார்.

“காசி வூடு இதானுங்களே? நம்ம பையனோட தோஸ்து.”

“இது காசியின் ஆசிரியர் வீடு.”

“இங்கிலீஷ்ல வந்திருக்குதுங்க சார். அதுல தப்பு இருக்குமா?”

நான் திருத்திய அட்டை. இராது என்றுதான் சொல்ல முடிந்தது.

“அம்மா எங்கங்க? எங்களைப் பாக்கணும்னு ஆசையா இருக்காங்கன்னு போட்டிருக்கே?” என்றார் அவர் மனைவி பீபி ஜான்.

என் தாயார் காலமானதை முறைப்படி தெரிவிக்க நான் வாயெடுப்பதற்குள் உன் அக்காள் ஈரக் கையோடு வந்து, “நான்தாங்க அம்மா. உள்ள வாங்க, வெளியவே நிக்கிறீங்களே!” என்றாள். அதன்பின் செங்கத்திலிருந்து, வேட்டவலத்திலிருந்து என்று வந்துகொண்டே இருந்தார்கள், கூடம் போயிற்று, மாடி போயிற்று, என் கட்டிலும் போயிற்று, அவரவர் விருந்தினரை அழைத்துப் போங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லி அனுப்பினேன், அவர்களும் வந்து இலை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாலை மலையுச்சியில் தீபம் தெரிந்தபோது ஜானி பாஷா தம் மூன்று வயது ஜஹானாராவை என் தோளில் ஏற்றிவிட்டு, “கெட்டியா புடிங்க சார், ஜாஸ்தி ஆடுவா” என்றார். இன்று அவள் ஒன்பதாம் வகுப்பு. ஆங்கிலம் சுமார்தான்.

அடுத்த ஆண்டு யாரும் கடிதம் போடவில்லை. எல்லாரும் வந்தார்கள். இன்றுவரை வருகிறார்கள். ஐம்பது வயதில் தீபத்தன்று ஓர் இரவு உறங்குவது என் உரிமை. ஆகவே வேங்கிக்கால்.

உன் இல்லம் செழிக்க எங்கள் இருவரின் ஆசிகள். குழந்தைகளின் ஆங்கிலத்தைக் கவனிக்கவும்.

இப்படிக்கு,
அருணகிரி

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் இதை உன் அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். “தாராளமா போலாங்க. அவங்க வந்து பூட்டைப் பாத்துட்டு நிக்கறப்ப, அங்க உங்களுக்குத் தூக்கம் வந்துடுமா?” என்றாள். வேங்கிக்கால் வீட்டை வேறு யாருக்காவது விடச் சொல்லிவிடு. தீபத்துக்கு நீ குடும்பத்தோடு வருவதானால் முன்கூட்டியே எழுது. கூடத்தில் இடமில்லை, மாடிப்படியில் பார்க்கலாம்.