கழுவித் தந்த ஜாடி

வாசகரே, இன்று உங்களுக்கு ஓர் இனத்தை அறிமுகப்படுத்துகிறேன். விஞ்ஞானி என்ற சொல் காதில் விழுந்த உடனே "அவனுங்க கெடக்குறானுங்க மாமு" என்று பேச்சை முடித்துவைக்கிற இனம். அழிந்துவரும் இனம் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். திருவொற்றியூரில் எங்கள் தெருவில் மட்டும் பதினேழு பேர் தேறுவார்கள்.

அவர்களில் முதல் வரிசைக்காரர் எதிர்வீட்டு பாஸ்கல் அண்ணன். துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் மழை உண்டா என்று போனில் பார்ப்பார், துணி உலர்த்தும் முன் இன்னொரு தடவை பார்ப்பார், குடை எடுப்பதா வேண்டாமா என்று மூன்றாவது தடவையும் பார்ப்பார், அத்தனையும் பார்த்துவிட்டுத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து, வானிலை ஆபீஸ்காரனுக்கு ஒரு மண்ணும் தெரியாது என்று ஆரம்பிப்பார். சொன்ன புயல் வரவில்லையா? "பாத்தியா, புளுகுறானுங்க." வந்துவிட்டதா? "எனக்கு நேத்தே முட்டி வலிச்சுதே!" தடுப்பூசி போடாதே என்று தெரு முழுக்கச் சொன்னவர், முகாமில் முதல் ஆளாக நின்றார். கேட்டதற்கு, "இன்னாதான் பண்றானுங்கன்னு பாக்கப் போனேன்" என்றார். மூன்று தடவை போய்ப் பார்த்தார்.

ஆராய்ச்சி என்றால் அவருக்கு இரண்டே வகைதான். எலிக்கு ஊசி போடுவது ஒன்று. கேட்கிறவனுக்குத் தகுந்தபடி இஷ்டத்துக்கு நம்பர் எழுதிக் கொடுப்பது இன்னொன்று. ஆனால், வெங்காயத்தை சாக்ஸுக்குள் வைத்துத் தூங்கினால் சர்க்கரை இறங்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு குரல் சொல்லட்டும், அண்ணன் முகம் மலர்ந்துவிடும். "ஜப்பான் விஞ்ஞானியே சொல்லிட்டான்!" விஞ்ஞானி ஜப்பானில் இருக்க வேண்டும், அவர் பெயர் யாருக்கும் தெரியக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைக்கும் உட்பட்டால் அண்ணனும் விஞ்ஞானத்தை நம்புகிறவர்தான்.

இப்படிப்பட்டவர் வீட்டுப் படியேறி ஒரு நாள் கார்குழலி வந்தார். காற்றிலிருந்து விழும் தூசியை அளக்கிற ஆராய்ச்சியாளர். கையில் வாய் அகன்ற கண்ணாடி ஜாடி ஒன்று.

எங்கள் தெருவுக்குப் பின்னால் கூரையில்லாத கரிக்கிடங்கு ஒன்று இருக்கிறது. காற்று இந்தப் பக்கம் திரும்பினால் வெள்ளைச் சட்டை பழுப்பாகும், கறிவேப்பிலையை மூன்று தண்ணீரில் அலச வேண்டும். பாஸ்கல் அண்ணன் மனைவி ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு ஐந்து வருடமாக இழுப்பு. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மருந்தை உறிஞ்சிவிட்டுத்தான் மீதி ஏறுவார். அந்தக் கிடங்குக்குக் கூரை போட வைப்பதா என்று முடிவு செய்ய அதிகாரிகள் கூட்டம் ஒன்று வரப்போகிறது. அதற்குத்தான் ஜாடி.

"எந்த ஊரும்மா நீ?"

"வியாசர்பாடி அங்கிள். ஹவுசிங் போர்டு வூடு."

"வியாசர்பாடில விஞ்ஞானியா? அங்க பாக்ஸிங்தானே ஆடுவாங்க!"

"நானும் ஆடினேன். மூக்கு ஒடைஞ்சிச்சு. அப்பால படிக்க வந்துட்டேன்." கார்குழலி சிரித்தார். "இது முப்பது நாள் மாடில தொறந்தே கெடக்கட்டும். தொடாதீங்க, மூடாதீங்க. உள்ள விழுற தூசியைக் காய வெச்சு எடை போடுவேன். நம்பர் இருந்தாதான் கூட்டத்துல பேச முடியும்."

"நம்பர் எதுக்கும்மா? மாடில ரெண்டு நடை நடந்துட்டு உள்ளங்காலைத் திருப்பிப் பாரு. அதான் நம்பர்."

"நீ சும்மா கெட" என்று ஃப்ளோரன்ஸ் அக்கா ஜாடியை வாங்கிக்கொண்டார்.

அண்ணனைக் குறை சொல்லக் கூடாது. நம்பிக்கைதான் இல்லையே தவிர, கொடுத்த வாக்கில் சுத்தம். முப்பது நாளும் ஜாடியைத் தொடவில்லை. முப்பத்தோராம் நாள் காலை, கார்குழலி வரும் நாள், அக்கா மாதா கோயிலுக்குப் போயிருந்தார். பாஸ்கல் அண்ணன் மாடிக் குழாயடியில் குந்தி, நாரும் சோப்பும் போட்டு அந்த ஜாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவர் பாத்திரத்தை அழுக்கோடு திருப்பிக் கொடுக்கிற வீடா அது? வெறுமையாகத்தான் கொடுக்கலாமா? துடைத்து வெயிலில் காட்டி, டின்னிலிருந்து நாலு அச்சுமுறுக்கு எடுத்து உள்ளே போட்டார். என் மாடியிலிருந்து நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். "நல்லா மின்னுதுண்ணே" என்றும் சொன்னேன்.

மாடிக்கு வந்த கார்குழலி ஜாடியைப் பார்த்தார். அச்சுமுறுக்கைப் பார்த்தார்.

"தூசி எங்க அங்கிள்?"

"அத்த ஏன் கேக்குற! அடில கன்னங்கரேல்னு படிஞ்சிருந்துச்சு. மூணு தண்ணி மாத்தினேன். ரொம்ப கலீஜும்மா."

கார்குழலி படியில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் அடுத்த வாரம். தெருவுக்கு இந்த ஒரு ஜாடிதான். இதைவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த கூட்டம். இதையெல்லாம் அவர் மெதுவாகச் சொல்லி முடிக்கும்போது, கோயிலிலிருந்து திரும்பிய ஃப்ளோரன்ஸ் அக்கா பாதிப் படியில் நின்று மருந்தை உறிஞ்சிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் மேலே கேட்டது. அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"அதுக்கு இன்னா இப்போ? ஒரு கை கரி இருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். ஒரு நம்பர் போட்டு எழுதிக்க."

"எடை போடாம எழுத முடியாது அங்கிள்."

"யாருக்குத் தெரியப் போவுது? நான் பைபிள்ல அடிச்சு சத்தியம் பண்றேம்மா. எழுது!"

"நீங்க சொல்றது நெசம்னு எனக்கும் தெரியும். ஆனா அளக்காத நம்பரை எழுத மாட்டேன். இன்னிக்கு உங்களுக்காக எழுதினா, நாளைக்கு கிடங்குக்காரருக்காகவும் எழுதலாமே."

மேலே வந்து சேர்ந்த ஃப்ளோரன்ஸ் அக்கா மூச்சு வாங்கியபடியே சொன்னார்: "அவங்க இஷ்டத்துக்கு எழுதறாங்கன்னு இத்தினி வருசமா சொல்லிகினு இருந்தியே. இன்னிக்கு ஒருத்தி எழுத மாட்டேன்றா. அவகிட்ட எழுது எழுதுன்னு கெஞ்சிகினு நிக்கிறது யாரு?"

பாஸ்கல் அண்ணன் ஜாடியிலிருந்த அச்சுமுறுக்கை ஒவ்வொன்றாக எடுத்து டின்னில் திரும்பப் போட்டார். பாவமாக இருந்தது. கூட்டத்தில் வாசித்த அறிக்கையில் எங்கள் தெருவுக்கு நேராக 'அளவு இல்லை' என்று போட்டிருந்தது. கூரைப் பேச்சு ஆறு மாதம் தள்ளிப் போனது.

இப்போது மாடியில் புது ஜாடி இருக்கிறது. பக்கத்தில் நாற்காலி, நாற்காலியில் காக்கை விரட்டக் கம்போடு அண்ணன். திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? நேற்றுகூட டீக்கடையில் சொன்னார்: "மத்தவனுங்க கெடக்குறானுங்க மாமு. எங்க கார்குழலி சொன்னா கரெக்டா இருக்கும்." அக்கா இன்னும் பாதிப் படியில் நின்றுதான் ஏறுகிறார்.

பதினேழு பேர் என்றேனே, அது என்னைச் சேர்க்காத கணக்கு. "மின்னுது" என்று சொன்னவன் பதினெட்டாவது. நீங்கள் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நல்லது. யாரோ பல வருடம் உட்கார்ந்து அளந்து சொன்ன ஒன்றை, இன்று காலை "அவங்களுக்கு வேற வேலையில்லை" என்று ஒரே வரியில் துடைத்துவிட்டு வந்தீர்களா இல்லையா? கையைக் கொஞ்சம் விரித்துக் காட்டுங்கள், சோப்பு நுரை இருக்கிறதா என்று பார்ப்போம்.