கொடைக்கானலில் எதற்கு ஃபேன்?

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். வெளியே பதினைந்து டிகிரி. காலையிலிருந்து தூறல் விடவில்லை. எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேகத்துக்குள் போய் இருபது நிமிடமாகியும் வெளியே வரவில்லை. அந்த நேரத்தில்தான் என் மனைவி வசந்தாவின் புதுக் கம்ப்யூட்டரை நான் கொன்றேன்.

கொன்றேன் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. "பழுதாகிவிட்டது" என்று இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் ஒருவரும் ஏற்கவில்லை.

கூட்டுறவுச் சங்கங்களுக்குத் தணிக்கை பார்த்தே முப்பத்து நான்கு வருடம் கழித்தவன் நான். எந்தப் பட்டியலைக் கண்டாலும் கை தானாகச் சட்டைப் பையிலிருக்கும் சிவப்புப் பேனாவைத் தேடும். மூன்று வரியையாவது அடிக்காவிட்டால் அன்று சாப்பாடு இறங்காது. (கல்யாணப் பத்திரிகையில்கூட இரண்டு பெயரை அடித்தவர் என்று என் மைத்துனி கமலா சொல்லித் திரிகிறாள். அது பொய். ஒரு பெயர்தான்.)

வசந்தா பூகோள ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். முட்டி ஆபரேஷன் முடிந்து ஆறு மாதமாக வீட்டோடு இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஏற அறுபத்தொரு படி. அத்தனை படி ஏற டாக்டர் விடவில்லை. மதுரையிலிருந்து பார்க்க வந்த கமலாதான், பொழுது போகட்டும் என்று தன் லேப்டாப்பில் ஒரு விளையாட்டைக் காட்டிக் கொடுத்தாள். ஐரோப்பாவில் லாரி ஓட்ட வேண்டும். சரக்கு ஏற்றி, நாடு விட்டு நாடு போய், கண்ணாடி உடையாமல் இறக்க வேண்டும். ஆயுசில் சைக்கிள் மிதித்தறியாத என் மனைவி இரண்டே நாளில் போலந்து வரை போய்விட்டாள்.

கமலா லேப்டாப்போடு ஊருக்குப் போனதும் வசந்தா தன் சேமிப்பிலிருந்து அறுபதாயிரம் எடுத்து மேஜையில் வைத்தாள். அந்த விளையாட்டு தடங்கலில்லாமல் ஓடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஞாயிறு நாலு மணிக்கு அக்கா தங்கை இருவரும் ஆளுக்கொரு லாரியில் ஒன்றாகக் கிளம்ப வேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை. பாகங்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானாகத்தான் வாங்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

சனிக்கிழமை மூஞ்சிக்கல் கடைவீதியில் சாகுலின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். நல்ல மனிதர். பத்தொன்பது வரியில் பட்டியல் போட்டார். புராசஸர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று போய்க் கூட்டுத்தொகை அறுபத்திரண்டாயிரத்து நானூறில் நின்றது. கையிருப்பைவிட இரண்டாயிரத்து நானூறு கூடுதல். கலர் விளக்கு எரிகிற ராம் என்ற மெமரிப் பட்டையை எடுத்துவிட்டுச் சாதாரண ராம் போட்டால் சரியாகிவிடும் என்றார். விளக்கு இருக்கட்டும், வசந்தா ஆசைப்படுவாள் என்றேன். அப்படிப் பெருந்தன்மை காட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தேன்.

பதினோராவது வரி: கேபினெட்டுக்கு மூன்று ஃபேன், ஆயிரத்து முந்நூற்றைம்பது. எனக்குக் கோபம் வந்தது. நாயுடுபுரத்தில் நாற்பது வருடம் குடியிருக்கிறேன். எங்கள் தெருவில் இருபத்திரண்டு வீடு. ஒன்றில்கூடச் சீலிங் ஃபேன் கிடையாது. ஏப்ரலிலேயே ஸ்வெட்டர் போடுகிற ஊரில் ஒரு தகரப் பெட்டிக்கு மூன்று ஃபேனா? அடித்தேன். புராசஸரின் தலையில் உட்காரும் ஃபேன் தனி. அது இல்லாமல் வாங்கினால் ஆயிரத்து நூறு குறைவு. அதையும் அடித்தேன்.

"சார், அதுல கை வைக்காதீங்க. ஃபேன் இல்லாம ஓடாதுங்க," என்றார் சாகுல்.

"மதுரையில ஓடாது. இங்க ஓடும்."

"ஊர்க் குளிருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார். அடுப்புல வச்ச தோசைக்கல்லு மாதிரி சுடும். இப்படி மாட்டிக் குடுத்தா நாளைக்கு எங்க கடைப் பேருதான் கெடும்."

"நீங்க மாட்ட வேணாம். நானே மாட்டிக்கிறேன்." மாட்டும் கூலி ஆயிரத்து இருநூறையும் அந்த வேகத்திலேயே அடித்தேன்.

சாகுல் பட்டியலை என் பக்கம் நகர்த்தி, "அப்ப ஃபேன் வேணாம்னு எழுதிக் குடுத்துருங்க சார்," என்றார். எழுத்தில் கேட்டால் எனக்கு மறுக்கத் தெரியாது. 'கொடைக்கானலின் தட்பவெப்பத்தைக் கருதி ஃபேன் தேவையில்லை' என்று பட்டியலின் கீழேயே எழுதி, கையெழுத்திட்டு, தேதியும் போட்டேன். மிச்சம் மூவாயிரத்து அறுநூற்றைம்பது. பில் ஐம்பத்தெட்டாயிரத்து எழுநூற்றைம்பது. மீதி ஆயிரத்து இருநூற்றைம்பதை வசந்தாவின் கையில் எண்ணி வைத்தபோது எனக்கு மார்பு இரண்டங்குலம் விரிந்தது.

ஞாயிறு காலை வீடியோ பார்த்து மாட்டினேன். நாலு மணி நேரமும் பத்து நிமிடமும் பிடித்தது. வீடியோவில் ஒரு பையன் புராசஸர் மேல் வெள்ளைப் பசை தடவி ஃபேனை வைத்து அழுத்தினான். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. சென்னைக்காரன், பாவம், அவனுக்குத் தேவைதான் என்று அந்த இரண்டு நிமிடத்தைத் தள்ளிவிட்டேன்.

இரண்டே முக்காலுக்கு ஸ்விட்சைப் போட்டேன். ராம் விளக்கு ஏழு நிறத்தில் எரிந்தது. வசந்தா கைதட்டினாள். பதினாலாவது விநாடியில் அணைந்தது. மறுபடி போட்டேன், பதின்மூன்று. பெட்டியைத் தூக்கிப்போய் ஜன்னலோரம் வைத்து, ஜன்னலைத் திறந்து போட்டேன், பதினேழு. இங்கேதான் என் முப்பத்து நான்கு வருடத் தணிக்கை மூளை என்னைக் கவிழ்த்தது. ஒரு ஜன்னலுக்கு மூன்று நாலு விநாடி கூடுகிறதென்றால் என் கொள்கை சரி, குளிர்தான் போதவில்லை.

ஃபிரிட்ஜில் வசந்தாவின் முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கும் நீலநிற ஐஸ் பை இருந்தது. அதை எடுத்து, புராசஸர் மேல் வைத்து, நகராமலிருக்க ரப்பர் பேண்டு போட்டேன்.

ஐம்பத்தாறு விநாடி ஓடியது. சாகுல் முன்பே டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்திருந்த விளையாட்டின் லாரிப் படம்கூடத் திரையில் வந்துவிட்டது. ஹாலிலிருந்து வசந்தா, "ஏங்க, என் ஒத்தடப் பை எங்க?" என்றாள். ஜன்னல் வழியாக மேகம் சாவகாசமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பை வியர்த்தது. அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு மதர்போர்டில் விழுவதை என் கண்ணால் பார்த்தேன். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு கருகின கத்திரிக்காய் வாடை. மணி மூன்று நாற்பது.

கூப்பிட்டதும் சாகுல் கடையை விட்டுவிட்டு வந்தார். அறுபத்தொரு படி இறங்கி வந்து, குனிந்து உள்ளே பார்த்தவர் ரப்பர் பேண்டை விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அவர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. "முட்டிக்கு வைக்கிறதையா சார் வச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் கம்பெனிக்காரன், சென்னைப் பையன், அந்த மேகம் எல்லாரையும் திட்டினேன். சாகுலும் வசந்தாவும் நான் முடிக்கிற வரை காத்திருந்தார்கள்.

சரியாக நாலு மணிக்குக் கமலா போன் செய்தாள். ஹாம்பர்க் ஊர் எல்லையில் லாரியோடு நிற்கிறாளாம், அக்கா எங்கே என்றாள். "வண்டி பிரேக்டவுன். நீ போ," என்று சொல்லி வசந்தா போனை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். குரலே உயரவில்லை.

"முப்பது வருசத்துக்கு முன்னாடி டிரைவிங் ஸ்கூல்ல சேரணும்னு ஆயிரத்து இருநூறு கேட்டேன். வீட்ல காரே இல்ல, எதுக்குன்னு அடிச்சீங்க. சரின்னு விட்டேன். இப்ப இல்லாத லாரியத்தான ஓட்டுறேன்னு கேட்டேன். அதையும் அடிச்சிட்டீங்க."

அந்த ஆயிரத்து இருநூறு எனக்கு மறந்தே போயிருந்தது. ஆறுமாதத்துப் பால் கணக்கைக் கேட்டால் இப்போதே சொல்வேன்.

மறுநாள் வெள்ளனே சாகுல் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். அவர் சொன்னதையெல்லாம் வாங்கினேன், அவரே வந்து மாட்டினார். கூடவே மேஜையில் பொருத்தும் ஸ்டீயரிங் ஒன்றும் வாங்கினேன். அது வசந்தா விதித்த அபராதம். அடுத்த ஞாயிறு அவள் ஓட்டினாள். இப்போதும் ஞாயிறுதோறும் ஓட்டுகிறாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து டீசல் கணக்கு எழுதுவது என் சோலி. வாயைத் திறந்தால், "கிளீனர் பேசக்கூடாது," என்கிறாள்.

என் கையெழுத்துப் போட்ட பட்டியல் சாகுல் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது. பேரம் பேசுகிறவர்களிடம் அவர் விரலால் அதைக் காட்டுவார். என் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கமலா மதுரையிலிருந்து ஒரு சீலிங் ஃபேன் வாங்கி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டு வந்தாள். "அத்தான், ஊருக்கு வேணாம், உங்க தலைக்கு வேணும்," என்றாள். அதை நான் உட்காரும் நாற்காலிக்கு நேர் மேலேயே மாட்டினார்கள். தெருவில் இருபத்திரண்டு வீட்டில் ஃபேன் உள்ள ஒரே வீடு எங்களுடையது. விருந்தாளி வந்தால் வசந்தா அதைப் போட்டுவிட்டு என்னைக் கதை சொல்லச் சொல்கிறாள். நான் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு சொல்கிறேன்.

ஃபேனோடு புதுப் புராசஸர் 9,200. மதர்போர்டு 7,800. மூன்று கேபினெட் ஃபேன் 1,350. மாட்டும் கூலி 1,200. புது ஐஸ் பை 380. ஸ்டீயரிங் 6,500. சீலிங் ஃபேனை மாட்டிய எலக்ட்ரீஷியனுக்கு 350. மூவாயிரத்து அறுநூற்றைம்பது ரூபாயை மிச்சம் பிடிக்க எனக்கு ஆன செலவு, ரூபாய் 26,780.