டாலரன்ஸ் அக்காவின் காது

திருப்பூரில் தைத்த பனியன் ஒன்றில் உங்கள் கண்ணுக்கு ஒரு கோணல் தென்பட்டால், அது டாலரன்ஸ் அக்காவின் செக்கிங் மேஜை வழியாக வந்ததல்ல என்று நான் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். அந்த மேஜையைத் தாண்டி ஒரு கோணல் வெளியே போனதாகச் சரித்திரம் இல்லை.

டாலரன்ஸ் என்றால் எங்கள் தொழிலில் மன்னிப்பு என்று அர்த்தம். நெஞ்சளவு அரை இஞ்ச் முன்னே பின்னே இருந்தால் போகட்டும் என்று துணி வாங்குகிற வெள்ளைக்காரனே எழுதிக் கொடுத்துவிடுவான். அக்கா விடமாட்டார். கழுத்தில் தொங்கும் டேப்பை எடுத்து அளப்பார், உதட்டைப் பிதுக்குவார், ரிஜெக்ட் முத்திரையை ஒரு குத்துக் குத்துவார். காங்கேயத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், வாழையிலையின் ஒரு ஓரம் கோணலாக நறுக்கியிருக்கிறது என்று இலையை மாற்ற வைத்தவர். டாலரன்ஸ் துளியும் இல்லாததால்தான் அந்தப் பட்டப்பெயர். முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அவர் முதுகுக்குப் பின்னால் தைரியமாக அப்படித்தான் சொல்வோம். ஏனென்றால் அக்காவுக்கு அப்போது காது சரியாகக் கேட்காது, எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். முப்பது வருஷம் ஓவர்லாக் தையல் மிஷின் வரிசைகளுக்கு நடுவில் நின்றால் யாருக்குத்தான் கேட்கும்?

நான் அப்போது அந்தப் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெள்ளைக்காரனுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம் அது. மூன்று வருஷத்துக்கு முன்னால் குழந்தைகளுக்கான வெள்ளை டீ-ஷர்ட் ஒரு லாட் முடிந்து நின்றது. கை நீளத்தில் சின்ன வித்தியாசம். பரவாயில்லை, அனுப்புங்கள் என்று வெள்ளைக்காரனிடமிருந்து மெயில் வந்தது. இந்த மாதிரி விஷயத்தை அக்காவின் செக்கிங் பிரிவுக்கு எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்பது கம்பெனி விதி. எனக்கோ கேன்டீனில் போண்டா ஆறிக்கொண்டிருந்த அவசரம். வாசலில் நின்றபடியே, "பாஸ் பண்ணிருங்கக்கா" என்று கத்திவிட்டுப் போனேன். அக்கா உடனே சரி என்று தலையாட்டினார். டாலரன்ஸ் அக்கா மறுபேச்சில்லாமல் தலையாட்டிய அந்த நிமிஷமே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து லாட் முழுவதும் வாஷிங் யூனிட்டிலிருந்து திரும்பி வந்து இறங்கியது. பாஸ் என்றது அவர் காதில் வாஷ் என்று விழுந்திருக்கிறது. பத்து வயசுப் பிள்ளைக்குத் தைத்தது சுருங்கி எட்டு வயசுக்கு வந்துவிட்டது. இதில் உச்சம் என்னவென்றால், அக்காவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்து அத்தனையையும் ரிஜெக்ட் செய்தார். 'வாஷ் செய்யச் சொன்ன ஆளை விசாரிக்கவும்' என்று ரிப்போர்ட்டும் எழுதினார்.

வாஷுக்கு அனுப்பச் சொன்னது நீங்கள்தான் என்று சூப்பர்வைசர் அக்காவுக்குச் சைகையில் காட்டியதும் அக்கா நேராக என்னிடம் வந்தார். நீ என்ன சொன்னாய் என்று கேட்டார். பாஸ் என்று சொன்னேன் என்றேன். என் உதட்டை உற்றுப் பார்த்தார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, 'காரணம்: என் காது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தில் தராத என் திருட்டுத்தனத்தைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

முதலாளி நல்ல மனுஷர். ஆனால் அந்த லாட் அவருடைய பிரஷரை ஏற்றிவிட்டது. "ஒரு மாசம் டைம் தாரனுங்கக்கா. காது மிஷின் வெச்சுட்டு வாங்க. இல்லீன்னா ஊட்டுல ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்று அக்காவின் முகத்துக்கு நேராக நின்று சொன்னார். வெளியே வந்த பிறகு அக்கா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "ஊட்டுல என்னத்தக் கண்ணு அளக்கறது?"

குற்ற உணர்ச்சி குறுகுறுக்க, அன்று மாலையே என் ஸ்கூட்டரில் காது மிஷின் கடைக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த தம்பி படித்தவர், பொறுமைசாலி. மிஷின் நுனியில் மாட்டுகிற ரப்பர் குமிழ்களில் இருப்பதிலேயே சின்னதை எடுத்துப் பொருத்தினார். இடது பக்கம், அக்கா 'சரி' என்று சொல்வதற்குள் துள்ளி மேஜைக்கடியில் போய் விழுந்தது. வலது பக்கம் உள்ளே போனது. கூடவே அக்காவின் கண்ணில் நீரும் வந்தது. "காதுத் துவாரம் ரொம்ப ஒடுக்கமுங்கம்மா. கொஞ்ச நாள் வலிக்கும், அப்பறம் பழகிருமுங்க" என்றார் தம்பி, காகிதத்தில் எழுதிக் காட்டியபடி.

அக்கா கழுத்து டேப்பைக் கையில் எடுத்தார்.

"ஏங் கண்ணு, சட்டை இறுக்குனா போட்ட ஆளையா கொறை சொல்லுவ? என்ற காது அம்பத்தாறு வருசமா இதே அளவுலதான் இருக்குது. உன்ற சாமான்தான் பெருசு. ரிஜெக்ட்."

அதுவரை யாரும் அந்தத் தம்பியை ரிஜெக்ட் செய்ததில்லை போலிருக்கிறது. உடனே, காதை அச்செடுத்து அளவுக்கே செய்து தரலாம் என்றார். நூல் கட்டிய பஞ்சு ஒன்றை உள்ளே வைத்து, அதன் மேல் பசையை இறக்கி, கொஞ்ச நேரம் வாயை மூடி அசையாமல் இருக்கச் சொன்னார். அக்கா அசையாமல் இருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அச்சு வந்தது. வாய் மூடியிருந்தால் கச்சிதமாக நின்றது. வாய் திறந்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அக்கா எங்கள் கம்பெனியின் சாம்பிள் படிவத்தை எடுத்து, காதைப் படம் வரைந்து, வளைவுகளுக்கு ஏ, பி என்று பெயர் வைத்துக் குறிப்பு எழுதினார். 'பேசும்போது வெளியே வருகிறது. இட்லி மெல்லும்போது வெளியே வருகிறது. பி வளைவில் இறுக்கம், தோல் சிவந்துள்ளது. மறு சாம்பிள் அனுப்பவும்.' கீழே முத்திரை.

எல்லோருக்கும் இப்படித்தான் அச்செடுக்கிறோம் என்று தம்பி கெஞ்சினார். அக்கா அசைந்து கொடுக்கவில்லை.

"கையத் தூக்கிப் பாக்காம அக்குள் அளவப் பாஸ் பண்ணுவமா? நா பேசாம இருக்கற நேரம்னு ஒன்னு இருக்குதா கண்ணு? பேசறப்ப அளவெடு."

தம்பி யோசித்தார். தாடை அசைந்தால் காதுக்குள்ளும் வளைவு மாறத்தான் செய்யும், ஒடுக்கமான காதில் அந்த ஒரு இழை வித்தியாசமே பெரிது என்று அவரே ஒப்புக்கொண்டார். மறுபடியும் பசை இறங்கியது. இந்தத் தடவை அக்கா முறுக்கு மென்றார், கொட்டாவி விட்டார், கடையின் பெயர்ப்பலகை இடது பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று மூச்சு விடாமல் திட்டினார். கெட்டிப் பிளாஸ்டிக் வேண்டாம், மெத்தென்ற சிலிகானில் செய்யலாம் என்று இருவரும் பேசி முடிவெடுத்தார்கள்.

அதற்குள் மாசம் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா மிச்சம் விழுந்த, இழுத்தால் நீளும் ரிப் துணியில் ஒரு பட்டை தைத்து, நழுவும் பழைய அச்சைத் தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தார். கம்பெனியில் தைக்கிற ஒடிசாப் பையன்கள், அக்காவைத் தீதீ என்று கூப்பிடுகிறவர்கள், தீதீக்குப் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வாங்கி வந்து கொடுத்தார்கள். முதலாளி பார்த்தார், காலண்டரையும் பார்த்தார். தாங்காமல் நான் அக்காவிடம், கொஞ்சம் வலித்தாலும் பொறுத்துக்கொண்டு ஏதாவது ஒன்றை ஓகே செய்யுங்கள் என்று எழுதிக் காட்டினேன். அக்கா அந்தக் காகிதத்திலும் ரிஜெக்ட் முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்.

இரண்டாவது சாம்பிள் காதில் நின்றது. ஆனால் பி வளைவில் உரசியது. தம்பி தேய்க்கத் தேய்க்க, "இன்னும் கால் நூல் கண்ணு, இன்னும் ஒரு மயிரிழை" என்று அக்கா எதிரில் உட்கார்ந்து வேலை வாங்கினார். கடைசி நாள் காலையில் மூன்றாவது வந்தது. ஒரு தட்டு இட்லியை மென்று முடித்து, தலையை உதறிப் பார்த்து, அப்புறம்தான் அப்ரூவ்டு முத்திரை விழுந்தது. அந்தப் படிவத்தை அந்தத் தம்பி இன்றும் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார், நேராக.

அன்று செக்கிங் மேஜைக்கு வெகு பின்னால் முதலாளியும் நானும் போய் நின்றோம். மிஷின்கள் அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. "டாலரன்ஸுக்குக் கேக்குதான்னு ஒரு சத்தம் குடுத்துப் பாரு" என்று முதலாளி என் காதோடு சொன்னார். நான் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை.

அக்கா திரும்பாமலே கேட்டார்: "டாலரன்ஸா? அதாரு?"

முதலாளி சட்டென்று என் பின்னால் நகர்ந்துகொண்டார். பக்கத்து மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. நான்தான் ஓரடி முன்னால் வந்து, உங்களைத்தான் அக்கா, பத்து வருஷமாக அப்படித்தான் சொல்கிறோம் என்றேன். அக்கா கையிலிருந்த பனியனை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினார்.

"பேரு தப்பு கண்ணு. எங்கிட்ட அது கெடயாது."

முதலாளி முதலில் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் அடுத்த பனியனை எடுத்து அளந்தார். அந்த மேஜையிலிருந்து அவரை யாரும் எழுப்பவில்லை. இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

போன வருஷம் நான் அந்தக் கம்பெனியை விட்டுக் கிளம்பிய அன்று அவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். முதல் காரியமாக என் சட்டையின் கீழ் மடிப்பு கோணல் என்றார். பிறகு, மெதுவாகப் பேசினாலே கேட்கும் என்கிற பெருமையோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அன்னைக்கு நீ எழுதிக் குடுத்திருக்கோணும். ரிப்போர்ட்டுல ரெண்டு காரணம் வந்திருக்கோணும். நா ஒன்னுதா எழுதுனே. உனக்கு மட்டும் டாலரன்ஸ் உட்டுட்டே கண்ணு. வெளிய சொல்லிறாத, என்ற பேரு கெட்டுப் போயிரும்."

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா, சொல்லிவிட்டேன். இந்தத் தடவை எழுத்தில்.