ரெண்டு சொம்பு கம்பவுண்டர்

ஜவ்வாது மலையில் அவரோடு போட்டி போட்டுத் தண்ணீர் குடிக்க என் பஸ் ரேடியேட்டரால் மட்டும்தான் முடியும்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். காய்ச்சலோ கால்வலியோ, மருந்தோடு இரண்டு சொம்பு தண்ணீர் எடுப்பார். ஒன்று நோயாளிக்கு. ஒன்று தனக்கு. "நான் குடிக்கிறேன் இல்ல? குடி" என்பார். அதனால் ஊரில் அவர் பெயரே ரெண்டு சொம்பு. சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது.

எண்பதுகளில் நான் போளூரிலிருந்து மலைக்கு பஸ் ஓட்டினேன். வளைவு ஏறினால் வயிறு முறுக்கும். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் புதருக்கு ஓடுவேன். பிறகு நாலு நாள் ஒன்றும் போகாது. மறுபடி ஓட்டம். சந்தைக்குப் போகும் பெண்களுக்கு நான்தான் பேச்சு.

"டிரைவரு பொதருக்குப் போய்ட்டாருடி. எறங்கு, அவரு வர்றதுக்குள்ள ஒரு கூடை புளி பொறுக்கிடலாம்."

முதலாளி சிரிக்கவில்லை. "இனிமே மலைல ஒரு தபா வண்டி நின்னாலும் நீ வேற வேல பாத்துக்க. எதுக்கு நின்னாலும் சரி."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பார்த்தார். கம்பவுண்டர் விளக்கினார். "புண்ணும் இல்ல, பூச்சியும் இல்ல. கொடலுக்கு ரோஷம் ஜாஸ்தி. இசப்கோல் வாங்கிக் குடி."

"இன்னாங்க அது?"

"ஒரு வெதையோட உமிப்பா."

உமிக்குப் போய்க் கடையில் காசு கொடுப்பேனா? வீட்டில் சாமை உமி மூட்டையாகக் கிடந்தது. மூன்று நாள் அதைக் கரைத்துக் குடித்தேன். வயிறு டயர் மாதிரி ஆனது.

"இன்னாயா, மாடு துன்றத துன்னுட்டு வந்துகீற?" என்று கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அப்புறம் என்னை நம்பவில்லை. தினம் காலையில் அவரே இசப்கோல் கலக்கிக் கொடுத்தார்.

"கொயகொயன்னு கீதுங்க."

"உன் கொடலு மட்டும் இன்னா, பட்டுத் துணியா? முழுங்கு."

மேலே ஒரு சொம்பு தண்ணீர். அவருக்கும் ஒன்று. சில வாரத்தில் வயிறு அடங்கியது. முதலாளி நம்பவில்லை. பார்க்கிறேன் என்று ஒரு நாள் போளூரில் வந்து முன்சீட்டில் உட்கார்ந்தார்.

மருந்துப் பெட்டி எடுக்க வந்திருந்த கம்பவுண்டர் அங்கேயும் கலக்கிக் கொடுத்தார். ஆளுக்கொரு சொம்பு குடித்தோம். நான் ஒதுங்கிவிட்டு வந்து ஏறினேன். அவர் ஒதுங்கப் போகவில்லை. வண்டி கிளம்பும் வரை என் வயிற்றுக்காக முதலாளியிடம் வாதாடிக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்தார். பாதி மலையில் பார்த்தேன். கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"இன்னாங்க, பேச்சே காணோம்?"

"ரோட்ட பாத்து ஓட்டு."

எனக்காக பயப்படுகிறார் என்று நினைத்தேன். என் வயிறு சத்தமே போடவில்லை. எங்கும் நிற்காமல் ஜமுனாமரத்தூர் வந்தது. சக்கரம் ஓய்வதற்குள் கம்பவுண்டர் குதித்து, சந்தைக்குப் பின்னால் ஓடினார்.

"டிரைவரு குந்திகினு கீறாரு, கம்பவுண்டருல்ல ஓடறாரு!" என்றாள் ஒருத்தி. முதலாளியே சிரித்துவிட்டார். "நாளைக்கும் நீயே எட்றா வண்டிய" என்றார்.

கம்பவுண்டர் மெதுவாகத் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"வண்டி எங்கியும் நிக்கல இல்ல?"

"நிக்கலைங்க."

"அப்ப சரி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு வளைவில் கை காட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேன். அது அவருக்கும் தெரியும்.