பதினேழாவது நிமிஷத்துக் குரல்

"சார், பதினேழாவது நிமிஷத்துல ஒரு பொம்பள ஹம்மிங் வருதே, அது யாரு?"

சென்னையிலிருந்து ரஞ்சித் போனில் கேட்டபோது சவுரிராயனுக்குப் பதில் தெரியவில்லை.

'பெருமுக்கல்' அவர் 1993-இல் திண்டிவனம் மாதா கோயில் கூடத்தில் மூன்று நண்பர்களோடு பதிவு செய்த ராக் ஆல்பம். அந்தப் பேருள்ள பக்கத்து மலையில் ஏறுவதுபோல ஏறிக்கொண்டே போகும் ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிஷம். வார்த்தையே கிடையாது. கேட்டவர்களெல்லாம், "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்கள். மனசு விட்டுப்போய்க் கேசட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டவர், கல்யாணமாகி விழுப்புரம் வந்த பிறகும் கட்டைப் பிரிக்கவில்லை. இருபத்தொரு வருஷம் கழித்து ரஞ்சித்தின் இசைக் கம்பெனி அதை மறுபடி வெளியிடுகிறது. அதற்குப் பாடியவரிடம் சம்மதக் கையெழுத்து வேண்டுமாம்.

"அந்தக் குரலைத் தூக்கிடுங்க தம்பி."

"ஐயோ, ஆல்பத்துக்கு உயிரே அதான் சார்!"

கோயில் பாடகர் குழுவில் அப்போது பாடிய வெனிலாவுக்குப் போன் போட்டார்.

"அந்தக் காலத்துல எனக்காகப் பாடினது நீயாம்மா?"

"யாருய்யா நீ?" என்றது வெனிலா புருஷனின் குரல்.

போன் சரிப்படாது என்று அதே குழுவில் பாடிய சகாய பிரியா வீட்டுக்கு நேரிலேயே போனார். தான் இல்லை என்றவள், நல்ல மனசோடு அவர் மனைவிக்குத் தகவல் சொல்லிவிட்டாள்: "அக்கா, அண்ணன் பழைய ஆள் யாரையோ தேடிக்கினு வந்தாரு."

வீட்டில் அமலோற்பவமேரி பேச்சை நிறுத்திவிட்டாள். விளங்க வைத்துவிடலாம் என்று முதல்முறையாக அவளுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினார். பதினேழாவது நிமிஷம் அவள் கண் கலங்கியது.

"இவ்ளோ ஆசையா பாடியிருக்கா. உங்க கிதார்கூட அடங்கி அவளுக்கு வழிவிடுது பாருங்க!"

உண்மைதான். ஏன் அப்படி வாசித்தோம் என்று அவருக்கே நினைவில்லை.

"சத்தியமா பேருகூட தெரியாது மேரி!"

"பேரு தெரியாதவளுக்கே இந்த உருக்கமா?"

மறுநாள் நியாயம் கேட்கத் திண்டிவனத்திலிருந்து மேரியின் அக்கா இருதயமேரி வந்து இறங்கினாள். பாட்டைப் போடச் சொன்னாள். குரல் வந்ததும் தங்கையின் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள்.

"அடியே, உங்க கல்யாணப் பேச்சே எடுக்காத காலத்துல, கோயில் கூடத்துக்குப் பின்னாடி எங்க வீட்டுல, இவங்க போட்ட சத்தத்துல என் புள்ள தூங்காம அழுதுக்கினு இருக்கசொல்ல, ஜன்னலாண்ட நின்னு தாலாட்டினது நீதாண்டி!"