டவல் திருத்தும் படலம்

"ஏங்க, மறுபடியும் ஈர டவல்! இன்னிக்கு என் தலையணை மேலேயே!"

"சத்தியமா நான் போடலைம்மா," என்றார் கணவர், வாய் நிறையப் பற்பசை நுரையோடு.

அவள் டவலைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மறுப்பவரோடு மல்லுக்கு நிற்கக் கூடாது என்று போன வாரம்தான் பாடத்தில் வந்திருந்தது.

பில் போடும் வேலையை உதறிவிட்டு, சிறப்புக் கல்வி ஆசிரியை ஆகியே தீருவதென்று நாற்பதை நெருங்கும் வயதில் முதுகலையில் சேர்ந்தவள் அவள். பயிற்சிக்குப் போகவேண்டிய பள்ளிக்கு இப்போது விடுமுறை; அதனால் வீட்டிலேயே பயிற்சி. "வீட்டுல யாராவது ஒருத்தரோட ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்குங்க. முதல்ல யாரு, எப்போ, எதுக்குன்னு பொறுமையா பாருங்க. அப்புறம் மாத்துங்க," என்று சொல்லியிருந்தார் பேராசிரியை. இதில் தேறினால்தான் குழந்தைகள் இருக்கும் வகுப்பறைக்குள் கால் வைக்கலாம்.

கட்டிய கணவரிடம் புதிதாகப் பார்க்க என்ன இருக்கிறது? நேரே மாற்றுவதில் இறங்கிவிட்டாள்.

முதலில் சுவரில் ஒரு படம் ஒட்டினாள். கட்டிலில் கிடக்கும் டவல் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் கொக்கியைக் காட்டும் அம்பு. பயந்துபோன கணவர் சட்டை, ஆபீஸ் பை, குடை என்று கையில் கிடைத்ததையெல்லாம் அந்த ஒரே கொக்கியில் மாட்ட, அது சுவர்ப் பூச்சோடு பெயர்ந்து அவர் கால் விரலில் விழுந்தது. கட்டிலில் ஈர டவல் ஜம்மென்று கிடந்தது.

அடுத்து நட்சத்திர ஸ்டிக்கர். கட்டிலில் டவல் இல்லாத நாளுக்கு ஒன்று. எப்படியாவது ஒன்று வாங்கிவிடும் வெறியில் கணவர் குளிப்பதையே நிறுத்தினார்.

"குளிச்சாத்தானே டவல் நனையும்? இப்ப என்ன சொல்றே?"

அன்றும் டவல் சொட்டச் சொட்டக் கிடந்தது.

அவளுக்குப் புல்லரித்தது. கவனத்தை ஈர்க்க வேண்டுமென்றே நனைக்கிறார்! அதற்கும் பாடத்தில் வழி இருந்தது: கண்டுகொள்ளாதே. பேச்சையே நிறுத்தினாள். ஹாலில் பேப்பர் படிக்கும் மாமனார்கூட, "என்னப்பா, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு?" என்று மகனை விசாரித்தார்.

தாங்க முடியாமல், விரல் கட்டோடு நொண்டிக்கொண்டு வந்து நின்றார் கணவர். "சரிம்மா, நான்தான் போட்டேன். இதுவரைக்கும் போட்டதெல்லாம் நான்தான். இனிமே போடப்போறதும் நான்தான். தயவுசெஞ்சு பேசு!"

'தவறை உணர்ந்தார்' என்று பூரிப்போடு குறித்துக்கொண்டு, அவர் நெற்றியிலேயே ஒரு நட்சத்திரத்தை ஒட்டினாள்.

மறுநாள் ஆன்லைன் வகுப்பில் அவள் தன் பயிற்சியின் பலனைக் காட்ட வேண்டும். படுக்கையறை லேப்டாப்பில் பேராசிரியையும் சக மாணவர்களும். கணவர் நெற்றி நட்சத்திரத்தோடு கட்டிலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

"பிரமாதம்! ஆளே மாறிட்டாரே!" என்றார் பேராசிரியை.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கதவு திறந்தது. குளித்து முடித்துத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்த மாமனார், மகனைக் கொஞ்சம் நகரச் சொல்லி, டவலை ஓர் உதறு உதறித் தலையணை மேல் பதமாக விரித்தார். லேப்டாப்பில் இருந்த முகங்கள்கூடத் திரையை நெருங்கி வந்தன.

"ஏம்மா, எல்லாரும் என்னை ஏன் இப்படிப் பாக்கறீங்க? தினமும் இங்கதானே காயப்போடறேன், உங்க ரூம்லதான் காத்து நல்லா வருது!"